சைக்கிளுக்குச் சம்மதமான ஊர்

கரட்டுமேட்டுக்காரர்களைப் பற்றி யாரும் கதை கட்ட வேண்டியதில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும். கேட்கிறவர்கள் தாங்களாகவே அதைக் கதை என்று நினைத்துக்கொள்வார்கள்.

கரட்டுமேடு ஒரு குன்றின் தலையில் இருக்கிறது. நாற்பது வீடு. அடிவாரத்திலிருந்து ஊருக்குப் போக நானூற்றுப் பன்னிரண்டு கற்படிகள். வேறு வழி கிடையாது. மழைகூட அந்தப் படிகளில்தான் இறங்கிப் போகும். ஒவ்வொரு படியிலும் சற்று நின்று, திரும்பிப் பார்த்து, மனமில்லாமல் போகும்.

இப்பேர்ப்பட்ட ஊரில் நாற்பது சைக்கிள்கள் இருந்தன. கல்யாணத்தில் பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு ஒரு சைக்கிள் வைத்தாக வேண்டும் என்பது அங்கே முறை. அடிவாரத்து ரசாக் பாய் கடையில் வாங்கி, மாலை போட்டு, தோளில் தூக்கி, மேளத்தோடு படியேற்றுவார்கள். அதற்கப்புறம் அது சாமி படத்துக்குப் பக்கத்தில் நிற்கும். வெள்ளிக்கிழமை தோறும் குளியல், சந்தனம், குங்குமம். பெண்ணோடு வந்த மகாலட்சுமி ஆயிற்றே. அதன்மேல் கால் படக் கூடாது. தப்பித்தவறிப் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். எனவே மூன்று தலைமுறையாக அந்த ஊரில் ஒருவரும் சைக்கிளில் ஏறியதில்லை.

ஆனால் சைக்கிள் ஓடும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஒருமுறை மாரப்பனின் கை நழுவி ஒரு சைக்கிள் படியில் இறங்கிவிட்டது. நானூற்றுப் பன்னிரண்டு படியும் தானாகவே, மணியடித்துக்கொண்டே போய், ரசாக் பாய் கடை வாசலில் விழுந்தது.

"பொறந்த ஊட்டு ஞாபகம் வந்துருச்சு" என்றார் ஊர்த் தலைவர் சென்னியப்பன். சைக்கிள் மனசு வைத்தால் ஓடும், இல்லையென்றால் நிற்கும் என்று அன்றைக்கு ஊர் முடிவு கட்டியது.

இந்த ஊரில்தான் நாச்சிமுத்து இருந்தான். அவனுக்கு ஒரு மனைவி, மயிலாத்தாள். ஒரு சைக்கிள், அவள் அப்பன் வாங்கிக் கொடுத்தது. ஒரு காலண்டர், சைக்கிளோடு ரசாக் பாய் இனாமாகக் கொடுத்தது. காலண்டர் படத்தில் கடலோரச் சாலை. ஒருவன் சைக்கிளில் போகிறான். பின்னால் கேரியரில் ஒருத்தி. "இதே மாதிரி உன்னையும் கூட்டிட்டுப் போறன், அம்மிணி" என்று கல்யாணமான மறுநாள் நாச்சிமுத்து சொல்லிவைத்தான். சொல்லி இருபத்து நான்கு வருஷம் ஆகிவிட்டது. படத்துக்காரியின் முந்தானை அத்தனை வருஷமும் காற்றில் பறந்துகொண்டே இருந்தது. மயிலாத்தாளின் முந்தானை அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் நடுவே நைந்துகொண்டே வந்தது.

ஆடி பிறந்த அன்று அவள் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"மாமா, ஆடிப் பதினெட்டுக்குள்ள என்னைய அந்தக் கேரியர்ல உக்கார வெச்சுக் கடல்கிட்ட கூட்டிட்டுப் போகோணும். நீங்க முன்னால, நான் பின்னால. இல்லீன்னா நான் என்ற பொறந்தவன் ஊட்டுக்குப் போயிருவேன். திரும்பி வரமாட்டேன்."

"அம்மிணி!"

"சைக்கிளையும் எடுத்துட்டுத்தான் போவேன்."

நாச்சிமுத்து ஓடிப் போய்ச் சைக்கிளையும் அவள் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். எந்தப் பிரிவை நினைத்து அதிகம் பயந்தோம் என்று அவன் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளவில்லை. நல்ல மனுஷன்.

அன்று மாலையே ஊர்க்கூட்டம்.

"கேள்வி ரெண்டே ரெண்டுதான்" என்றார் தலைவர் சென்னியப்பன். "சைக்கிளைக் கடலுக்குக் கொண்டுபோறதா? கடலை இங்க கொண்டுவாரதா?"

மாரப்பன் எழுந்தான். மூன்று தடவை ஈரோட்டுக்குப் போய்வந்தவன் என்பதால் அவன் எழுந்தால் மற்றவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள்.

"கடலை நான் பாத்ததில்லீங்க. ஆனா கேள்விப்பட்ட வரைக்கும் சைக்கிளைவிடப் பெருசுங்க. நானூத்திப் பன்னண்டு படி ஏத்தோணும். எது கனம் கம்மியோ அதையத் தூக்கறதுதான் புத்திசாலித்தனம்."

கூட்டம் தலையாட்டியது. தலைவர் இன்னும் ஒரு படி மேலே யோசித்தார்.

"இன்னிக்கு நாச்சிமுத்து சம்சாரம் கேக்குது. நாளைக்கு மிச்சம் முப்பத்தொம்பது சம்சாரமும் கேக்கும். ஒவ்வொருத்தரா போறதுக்கு, ஊரையே கடலோரமா மாத்திட்டாப் போச்சு. நானும் மாரப்பனும் நாச்சிமுத்துவும் போய் ஒரு ஊரைப் பாத்துட்டு வாரோம்."

"நானும் வாரேன்" என்றாள் மயிலாத்தாள். "கேரியர்ல உக்காரப் போறது நானு."

சைக்கிள் பயணத்துக்கு நல்ல நாள் பார்த்ததிலேயே பாதி ஆடி போய்விட்டது. அடிவாரத்தில் ரசாக் பாயிடம் யோசனை கேட்டார்கள். பாய் பொறுமைசாலி. வாங்கின சைக்கிளை மிதிக்காத வாடிக்கையாளர்களிடம் முப்பது வருஷம் வியாபாரம் செய்தவருக்குப் பொறுமை இல்லாமல் இருக்குமா?

"நல்ல காரியம். சைக்கிளுக்குச் சௌகரியமான ஊராப் பாருங்க. மேடு பள்ளம் இருக்கக் கூடாது. உப்புக் காத்து மட்டும் சைக்கிளுக்கு ஆகாது, ஜாக்கிரதை. ஒண்ணுக்கு மூணு ஊரு பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

கடையை விட்டு வெளியே வந்ததும் தலைவர் எல்லோரையும் நிறுத்தினார்.

"பாய் சொன்னதைக் கவனிச்சீங்களா? சைக்கிளுக்குச் சௌகரியமான ஊருன்னாரு. நமக்குன்னு சொல்லல."

"நமக்கும் சௌகரியமா இருந்துட்டா?" என்றான் நாச்சிமுத்து.

"அதுக்கு நாம ஒண்ணும் பண்ண முடியாது. பொறுத்துக்க வேண்டியதுதான்."

உப்புக் காற்று படாமல் இருக்க சைக்கிளுக்குப் பவானி ஜமக்காளம் ஒன்றைப் போர்த்தி, ஹேண்டில்பாருக்கு மஃப்ளர் கட்டிப் பஸ் ஏறினார்கள். கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"யாருக்கு உடம்புக்குச் சரியில்ல?"

"சைக்கிளுங்க."

"சைக்கிளுக்கும் டிக்கெட் எடுக்கணும்."

எடுத்தார்கள். டிக்கெட் எடுத்தபின் நிற்க வைப்பது நியாயமில்லை என்று ஜன்னலோர சீட்டில் சைக்கிளை உட்கார வைத்தார்கள். பஸ் நிரம்பி வழிந்தது. ஒரு அம்மாள் கைக்குழந்தையோடு வந்து இடம் கேட்டபோது, தலைவர் தன் சீட்டைக் கொடுத்துவிட்டுச் சிதம்பரம்வரை நின்றுகொண்டே வந்தார். ஆனால் சைக்கிளை எழுப்பவில்லை.

நடுவழியில்தான் மாரப்பன் அதைப் படித்தான். 'கரம் சிரம் புறம் நீட்டாதீர்' என்று ஜன்னலுக்கு மேலே எழுதியிருந்தது. சைக்கிளின் ஹேண்டில்பார் ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"தலைவரே, கையை நீட்டக் கூடாதாம். நீட்டிட்டிருக்குது."

"அது கையா?" என்றார் தலைவர்.

"அதையப் புடிச்சுத்தானுங்களே கூட்டிட்டுப் போறோம். கையைப் புடிச்சுத்தான் யாரையும் கூட்டிட்டுப் போவாங்க."

"மணி அதுலதான் இருக்குது. சத்தம் வாயிலருந்துதான் வரும். வாய் இருக்கற எடம் தலை."

"எதுவா இருந்தாலும் நீட்டக் கூடாதுன்னு போட்டிருக்குதுங்க" என்றாள் மயிலாத்தாள்.

"நீ சும்மா இரு கண்ணு" என்றார் தலைவர். "கையின்னா மடக்கோணும். தலையின்னா இழுக்கோணும். தெரியாம எதையாச்சும் பண்ணி உசுருக்கு ஆபத்தாயிரக் கூடாது."

வழக்கு தீருவதற்குள் சிதம்பரம் வந்துவிட்டது. அங்கே பஸ் மாறி, முதல் ஊரான அலைவாய்ப்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆடிப் பெருக்குக்கு இன்னும் இரண்டு நாள்.

ஊர் வாசலிலேயே நகராட்சி ஒரு பலகை நட்டிருந்தது: 'சைக்கிளுக்கு உகந்த நகரம் தங்களை அன்புடன் வரவேற்கிறது.' சாலைகள் வாழையிலை விரித்ததுபோலக் கிடந்தன. ஓரத்தில் சைக்கிளுக்கென்று பச்சை அடித்த தனி வழி. இரண்டு பக்கமும் புங்கமரம். பூவும் நிழலுமாகக் கலந்து தரையில் கொட்டிக் கிடந்தது. வேறு யாராவது வந்திருந்தால் அன்றைக்கே வாடகைக்கு வீடு பார்த்திருப்பார்கள்.

கரட்டுமேட்டார் நால்வரும் சைக்கிளைத் தோளில் சுமந்தபடி அப்படியே நின்றுவிட்டார்கள். ஊரே சைக்கிளில் போய்க்கொண்டிருந்தது. போகட்டும். ஆனால் எல்லோரும் மிதித்தார்கள்! பள்ளிக்கூடப் பெண்கள் மிதித்தார்கள். பால்காரர் மிதித்தார். நெற்றி நிறைய விபூதி பூசிய பெரியவர் ஒருவர்கூட, ஒரு காலால் மட்டுமல்ல, இரண்டு காலாலும் மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டு போனார்.

மயிலாத்தாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தலைவர் ஒரு தபால்காரரைக் கைகாட்டி நிறுத்தினார்.

"ஏனுங்க, அது உங்களை என்னங்க பண்ணுச்சு?"

"எது?"

"இந்தச் சைக்கிளு. காலையிலருந்து இந்த மிதி மிதிக்கறீங்களே."

"மிதிச்சாத்தான்யா போகும்."

"வாயால சொல்லிப் பாத்தீங்களா?"

தபால்காரர் நான்கு பேரையும் பார்த்தார். ஜமக்காளத்தைப் பார்த்தார். மஃப்ளரைப் பார்த்தார். தபால் நிறைய இருக்கிறது என்று சொல்லிவிட்டு, முன்னைவிட வேகமாக மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

"பாத்தீங்களா, கேட்டதுக்குக் கோவம் வந்து இன்னும் நாலு மிதி சேத்தி மிதிக்கறான்" என்றான் மாரப்பன்.

"உகந்த நகரம்னு போர்டு வெச்சிருக்காங்களே" என்றான் நாச்சிமுத்து. அவனுக்கு ஆடிப் பதினெட்டு கண்முன்னால் நின்றது.

"போர்டு வெச்சது மனுசன்தானே? சைக்கிளா வெச்சுது?" என்றார் தலைவர். அதோடு அலைவாய்ப்பேட்டை தள்ளுபடி ஆயிற்று.

மறுநாள் கோரைப்பட்டினம். அங்கே கடலை ஒட்டிச் சிமெண்ட் பாதை ஒன்று, கண்ணுக்கெட்டிய வரைக்கும். காலை வேளை. ஆள் நடமாட்டம் இல்லை, மிதிப்பவர்களும் இல்லை. கடல் தன் பாட்டுக்கு ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. மயிலாத்தாள் முதல் தடவையாக அதை நின்று கேட்டாள். என்ன கேட்டாளோ, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உப்புக் காத்து" என்றாள்.

"இங்கதான் அம்மிணி. இங்க ஓடும் பாரு" என்று நாச்சிமுத்து மஃப்ளரை அவிழ்த்தான். சைக்கிளைப் பாதையின் நடுவில் நேராக நிறுத்தி, எல்லோரும் விலகி நின்று, கும்பிட்டுக் கையை விட்டார்கள்.

சைக்கிள் ஒரு கணம் யோசித்தது. பிறகு பொத்தென்று இடப்பக்கம் விழுந்தது.

மறுபடி நிறுத்தினார்கள். இந்தத் தடவை வலப்பக்கம் விழுந்தது.

"மயக்கம்" என்றார் தலைவர். "நம்ம ஊர்ல ஒருதரம் கையை விட்டதுக்கு நானூத்திப் பன்னண்டு படி ஓடுச்சு. இங்க நின்ன எடத்துல நிக்க முடியல. இந்த ஊரு இதுக்கு ஒத்துக்கல."

"பஸ்ல வந்த அலுப்பா இருக்குமுங்க" என்றாள் மயிலாத்தாள். "ஜன்னல் சீட்டு வேற. காத்துப் பட்டிருக்குது."

பாதையோரத்துப் பெட்டிக்கடையில் சோடா வாங்கி, முன்சக்கரத்தில் பாதியும் பின்சக்கரத்தில் பாதியும் தெளித்தார்கள். பலனில்லை. பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தவர் வந்து டயரை அமுக்கிப் பார்த்தார்.

"காத்தே இல்லையேங்க இதுல. அடைச்சாத்தான் சரியாவும். சாப்புட வூட்டுக்குப் போயிட்டு வந்து அடைச்சுத் தரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாச்சிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. "இந்தக் காத்துக்காகவா ஒருத்தரைக் காத்துட்டு இருக்கோணும்? இங்க சும்மா அடிக்குதே!" டியூபின் வாயைத் திறந்து, சைக்கிளைக் கடலைப் பார்க்கத் திருப்பிப் பிடித்தார்கள். தலைவர் முன்சக்கரம், மாரப்பன் பின்சக்கரம். முக்கால் மணி நேரம் அசையாமல் பிடித்திருந்தார்கள்.

"ஏறுதா?" என்று தலைவர் கேட்டார்.

"எனக்கு ஏறுதுங்க. வயிறு உப்பிருச்சு" என்றான் மாரப்பன்.

மாலைக்குள் கோரைப்பட்டினமும் தள்ளுபடி. அன்றிரவு சத்திரத்தில் மயிலாத்தாள் தன் மஞ்சள் பையில் மாற்றுப் புடவையை எடுத்து வைத்து, நாலாக மடித்து, மறுபடியும் நாலாக மடித்தாள். பேசவில்லை. நாச்சிமுத்து பக்கத்தில் உட்கார்ந்து, மடிப்பை எண்ணினான். அவளுக்குக் கோபம் வந்தால் பேசுவாள். பேசாவிட்டால் முடிவு எடுத்துவிட்டாள் என்று அர்த்தம்.

"இன்னும் ஒரு ஊரு இருக்குது அம்மிணி."

"ஒரு நாளும் இருக்குது" என்றாள் அவள்.

ஆடிப் பதினெட்டு அன்று காலை, சிப்பிக்குப்பம். அது ஊர் என்று சொல்லிக்கொள்ளக்கூடப் பெரிதில்லை. முப்பது குடிசை, ஒரு கோயில், ஒரு வேப்பமரம். சாலை ஊருக்குள் வரும் முன்பே மணலில் மூழ்கிவிட்டது. சைக்கிள் வைத்திருந்தவன் அங்கே ஒருவனும் இல்லை. மணலில் என்னத்தை மிதிப்பது?

மணலைக் கண்டதுமே தலைவர் முகம் தெளிந்தது. "ஒருத்தன்கூட மிதிக்கல" என்றார்.

அப்போதுதான் அதைப் பார்த்தார்கள். கரையிலிருந்து எட்டு ஆட்கள் ஒரு படகைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கயிற்றில் மூங்கிலை நுழைத்து, மூங்கிலைத் தோளில் வைத்து, 'ஏலே ஏலோ' என்று பாடிக்கொண்டு, அதை மரத்து நிழலில் மெதுவாக இறக்கினார்கள். படகின் மூக்கில் சந்தனம், குங்குமம், கதம்ப மாலை.

தலைவரின் தோளிலிருந்து சைக்கிள் நழுவப் பார்த்தது.

"ஏனுங்க, இதையெதுக்குத் தூக்கிட்டு வாரீங்க?"

படகுக்காரர் தேசிங்கு வேர்வையைத் துடைத்தார். "வெயில்ல போட்டா வெடிச்சுப் பூடும்ங்க. அதான் நெழல்ல வைக்கிறோம்."

"மிதிக்க மாட்டீங்களா?"

"படகையா? இன்னாய்யா கேள்வி? சோறு போடறது. கும்புட்டுட்டுத்தான் தொடுவோம்."

தலைவர் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "நீங்க எங்க ஒறம்பரைங்க, சொந்தக்காரங்க. எத்தனை நாளா எங்கள விட்டுட்டு இங்க வந்து இருக்கறீங்கன்னு தெரியல."

தேசிங்குவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அழுகிற மனிதரை உட்கார வைத்து நீராகாரம் கொடுப்பது அந்த ஊர் வழக்கம். அவர் மனைவி கமலவேணி செம்போடு வந்தாள். வந்தவள் மயிலாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கடல் பாக்க வந்தியாக்கா?"

"சைக்கிள்ல போக வந்தனுங்க. கடல் பக்கத்துல."

"யாரு ஓட்டறது?"

"சைக்கிளுதான்."

"அப்ப உன் வூட்டுக்காரரு?"

"முன்னால உக்காந்திருப்பாரு."

"சும்மாவா?"

"மணி அடிப்பாரு."

கமலவேணி தன் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். "எங்கூட்லயும் அப்படித்தாங்கா. மணிதான் இல்ல."

மயிலாத்தாள் சிரிக்கவில்லை. சிரிக்கப் போய் அழுதுவிட்டாள். இருபத்து நாலு வருஷம், கேரியர், பொறந்தவன் வீடு, இன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் என்று எல்லாவற்றையும் கொட்டினாள். கமலவேணி கேட்டு முடித்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"யோவ்! ஒரு பொம்பள இருபத்து நாலு வருசமா கேட்டுக்கினு கீறாளாம். ஆம்பளைங்க எட்டுப் பேரு குந்திக்கினு பாக்கறீங்க. எடுங்கய்யா அந்த மூங்கில!"

சைக்கிளுக்கு அடியில் இரண்டு மூங்கிலைக் கட்டினார்கள். நாச்சிமுத்து சீட்டில் ஏறினான். பெடலில் கால் படக் கூடாதென்று இரண்டு காலையும் இரண்டு பக்கம் விரித்து நீட்டிக்கொண்டான். இறங்க இடம் தேடும் கொக்கு மாதிரி இருந்தான். பின்னால் கேரியரில் மயிலாத்தாள். அவள் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான பிறகு அவளாகப் பிடித்தது அதுதான் முதல் தடவை. நாச்சிமுத்துவுக்குக் காது சிவந்துவிட்டது. மணியை இரண்டு தடவை அடித்தான்.

எட்டுப் பேரும் தூக்கினார்கள். 'ஏலே ஏலோ.'

கரையோரமாக வேப்பமரம் வரைக்கும் போய்த் திரும்புவதென்றுதான் ஏற்பாடு. ஆனால் படகைக் கரையேற்றிவிட்டு வந்த தோள்களில் மறுபடி மூங்கில் ஏறினால், அது கடலில் இறக்குவதற்குத்தான். எட்டுப் பேரின் கால்களுக்கும் அது சின்ன வயதிலிருந்தே தெரியும். பாட்டு வேகம் பிடித்தது. கால் கடலைப் பார்த்துத் திரும்பியது. கமலவேணி கத்தியது பாட்டில் கேட்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறக்கி, மூங்கிலை உருவி, வழக்கம்போல ஒரு தள்ளுத் தள்ளி, "போய்ட்டு வா, தாயே" என்று கும்பிட்டபிறகுதான் தேசிங்குவுக்குத் தாங்கள் என்ன செய்தோம் என்று உறைத்தது.

அதற்குள் அலை வந்துவிட்டது.

பெரிய அலை இல்லை. நிதானமான, வயதான அலை. அது சைக்கிளை இரண்டு பேரோடு நிமிர்த்திப் பிடித்து, கரையைப் பார்த்துத் தள்ளிக்கொண்டு வந்தது. அடியில் மணல் கெட்டி. சக்கரங்கள் சுழன்றன.

"ஓடுது!" என்று மாரப்பன் கரையில் குதித்தான். "யாரும் மிதிக்கல! அதுவா ஓடுது!"

"மாமா, பையப் போங்க" என்றாள் மயிலாத்தாள், கண்ணை மூடிக்கொண்டு.

நாச்சிமுத்து பிரேக்கைப் பிடித்தான். முழங்கால் ஆழத்தில் அலை ஓய்ந்து, பின்வாங்கியது. சைக்கிள் மணலில் சக்கரம் புதைந்து நேராக நின்றது.

"தலைவரே!" என்று கத்தினான் அவன். "பிரேக்குப் புடிச்சனுங்க, கடலே நின்னுருச்சு!"

அடுத்த அலை வந்து ஆட்டியது. அதற்கடுத்தது கொஞ்சம் தூக்கியது. மயிலாத்தாள் மெல்லக் கண்ணைத் திறந்து, நான்கு பக்கமும் பார்த்து, மாதக்கணக்கில் யாரும் பார்க்காத ஒரு சிரிப்புச் சிரித்தாள். இனி அவள் அண்ணன் வீட்டுக்குப் போகமாட்டாள் என்று நாச்சிமுத்துவுக்குத் தெரிந்துவிட்டது. முதுகுப்புறம் இருந்த அந்தச் சிரிப்பை அவன் எப்படிப் பார்த்தான் என்று கேட்காதீர்கள். இடுப்பில் இருந்த விரல்கள் சொல்லியிருக்கும்.

தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி வந்தார்.

"நாம தப்புப் பண்ணிட்டோம். கடலோரமா தேடுனோம். சைக்கிளுக்குச் சௌகரியம் ஓரத்துல இல்ல. உள்ளதான் இருக்குது. விழுகுதா? இல்ல. மயக்கம் வருதா? இல்ல. மிதிக்க வேண்டியிருக்குதா? இல்ல. மேடு பள்ளம் எங்கயாச்சும் தெரியுதா, மாரப்பா?"

மாரப்பன் கையைப் புருவத்தில் வைத்துத் தொடுவானம்வரை பார்த்தான். "ஒரே மட்டமுங்க."

"உப்புக் காத்து ஆகாதுன்னு பாய் சொன்னாருங்களே" என்றான் நாச்சிமுத்து.

"காத்தைத்தானே சொன்னாரு? தண்ணியச் சொல்லல."

ஊர் முடிவாயிற்று. நாற்பது வீட்டுக்கும் மனை பிரிக்க வேண்டியதுதான் பாக்கி. தேசிங்குவிடம் நாற்பது மூங்கில் குச்சி வாங்கினார்கள். அவரும் கொடுத்தார். பேசாமல் கொடுப்பதுதான் சுலபம் என்று கமலவேணி அவர் காதில் சொல்லியிருந்தாள். தலைவர் முதல் குச்சியைத் தண்ணீரில் ஊன்றி, "இது கோயிலுக்கு" என்றார். எட்டு அடி அளந்து இரண்டாவதை ஊன்றி, "இது எனக்கு" என்றார். மூன்றாவதை மாரப்பனுக்கு ஊன்றிவிட்டுத் திரும்பினால், முதல் குச்சியைக் காணோம்.

"அதுக்குள்ளயா!" என்றார் தலைவர்.

"யாரோ வாங்கிட்டாங்களுங்க" என்றான் மாரப்பன். சொல்லும்போதே இரண்டாவது குச்சியும் போய்விட்டது. "உங்களுதும் போச்சுங்க."

"கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ளயா? இன்னும் நம்ம ஊருக்குச் சேதியே சொல்லலையே! ஓடி வா, உள்ள தள்ளி நடலாம். அந்தப் பக்கம் யாருக்கும் இன்னும் தெரிஞ்சிருக்காது."

இருவரும் குச்சிகளை அணைத்துக்கொண்டு உள்ளே தள்ளி நடப் போனார்கள். தேசிங்குவும் இன்னும் நாலு பேரும், பேசாமல், அவர்கள் பின்னாலேயே போனார்கள், நீந்தத் தெரிந்தவர்களாகப் பார்த்து.

நாச்சிமுத்து பதறிப்போய்ச் சீட்டிலிருந்து இறங்கினான். மயிலாத்தாள் இறங்கவில்லை. கேரியரில் நன்றாகச் சம்மணமிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டாள். அலை அவள் மடிவரைக்கும் வந்துவிட்டுப் போயிற்று.

"மாமா, இது நம்ம மனை. நான் உக்காந்துக்கறேன். என்னைய எவன் வந்து வாங்கறான்னு பாக்கறேன். நீங்க போயி ஆட்டுக்கல்லையும் அம்மியையும் தூக்கிட்டு வாங்க."

"ஒண்டியா இருந்துக்குவியா அம்மிணி?"

"சைக்கிள் இருக்குதில்ல."

நாச்சிமுத்து முழங்கால் தண்ணீரில் நடந்து, கரையேறி, ஊரைப் பார்க்கக் கிளம்பினான். பத்தடி போனவனை அவள் மணியடித்துக் கூப்பிட்டாள்.

"மாமோவ்! வாரப்ப அப்படியே ரெண்டு கொடம் தண்ணியும் கொண்டுட்டு வந்துருங்க. இந்த ஊர்ல தண்ணி இருக்கற மாதிரியே தெரியல!"